பைபாஸ் பாதி, ஸ்டென்ட் மீதி: கட்டுரை சொல்லாமல் விட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவ இணைப்பில் ‘நெஞ்சைப் பிளக்காமல் பைபாஸ்’ என்ற கட்டுரையைப் படித்தேன். இடது மார்பின் கீழே சிறிதாகக் கீறி இதயத்தின் ஒரு ரத்தக்குழாய்க்கு மட்டும் பைபாஸ், மற்றக் குழாய்களுக்கு ஸ்டென்ட் (அடைத்த குழாயை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் வலைக்குழாய்) என்று இரண்டையும் சேர்த்துச் செய்யும் சிகிச்சையைப் பற்றியது. நல்ல விஷயம்தான், எழுதிய விதத்தில்தான் எனக்குக் குறை. கட்டுரையில் பாதிக்கு மேல் தழும்பு எவ்வளவு சிறியது, எவ்வளவு சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்பதிலேயே போய்விட்டது. எந்தக் குழாய்க்கு எது, ஏன், அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதற்கு நாலு வரிகூட இல்லை. படிக்கிறவர் அடுத்த நாளே மருத்துவரிடம் போய் “எனக்கும் சின்ன ஓட்டை போட்டுச் செய்யுங்க” என்று கேட்பார். அப்படிக் கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் பெர்ஃபியூஷனிஸ்டாக இருந்து ஓய்வுபெற்றவன். இதய அறுவையின்போது நோயாளியின் ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, உடலுக்குத் திருப்பி அனுப்பும் இதய–நுரையீரல் இயந்திரத்தை ஓட்டுவது எங்கள் வேலை. அரங்கில் அதைப் ‘பம்ப்’ என்பார்கள். தங்கள் கட்டுரை சொல்லும் அறுவையில் பம்புக்கு வேலை இல்லை. ஆனாலும் பம்பும் நானும் அங்கே இருந்தாக வேண்டும். கை சும்மா இருந்ததால் கண்ணுக்கு நிறைய வேலை கிடைத்தது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இதயக் குழாய்களைப் படம் எடுக்கும் ஆஞ்சியோ முடிந்ததும் “மூணு அடைப்பாம்” என்று வீட்டார் கலங்கிப்போவார்கள். எத்தனை அடைப்பு என்பதைவிட எங்கே அடைப்பு என்பதுதான் முக்கியம். இதயத்தின் முன்பக்கமாக இறங்கும் இடது தமனியை மருத்துவர்கள் எல்.ஏ.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். இடது கீழறைத் தசையில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு குழாயை நம்பித்தான் இருக்கிறது. அதன் தொடக்கத்தில் அடைப்பு என்றால், வலப்பக்கக் குழாயின் கடைக்கோடியில் இருக்கும் அடைப்போடு அதை ஒரே தட்டில் வைக்க முடியாது.

இந்த எல்.ஏ.டி.க்கு இயற்கையே மாற்றுக்குழாய் ஒன்றைப் பக்கத்தில் வைத்திருக்கிறது. மார்பெலும்பின் இடது ஓரமாக, விலா எலும்புகளின் உட்பக்கத்தை ஒட்டி மேலிருந்து கீழே ஓடும் தமனி அது. அரங்கில் அதன் பெயர் லிமா. மேல்முனையை வெட்டவே வேண்டாம்; கீழ்முனையை மட்டும் விடுவித்து எல்.ஏ.டி.யில் தைத்துவிட்டால் போதும். உடம்பில் பிற தமனிகளில் கொழுப்பு படிந்தவர்களுக்கும் லிமா பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். அதன் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடை நன்றாகச் சுரந்து குழாயைத் தளர்வாக வைத்துக்கொள்வது அதற்கு ஒரு காரணம். தைத்து 10 ஆண்டு ஆன பிறகும் 100 பேரில் 90 பேருக்கு மேல் அது திறந்தே இருக்கிறது. காலிலிருந்து எடுக்கும் சிரைக்கு அந்த யோகம் இல்லை. முதல் ஆண்டிலேயே சில அடைத்துக்கொள்ளும். 10 ஆண்டில் ஏறக்குறைய பாதி போய்விடும். 1986-ல் கிளீவ்லேண்ட் கிளினிக் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், சிரையை மட்டுமே வைத்துத் தைக்கப்பட்டவர்கள் 10 ஆண்டுக்குள் இறக்கும் அபாயம் லிமா தைக்கப்பட்டவர்களைவிட 1.6 மடங்கு இருந்தது.

ஆக, பைபாஸ் ஆயுளைக் கூட்டுகிறது என்று சொல்வதில் பெரும்பங்கு இந்த ஒரு தையலுடையது. மற்ற இரண்டு குழாய்களுக்குக் கால் சிரையை வைத்துத் தைப்பதா, மருந்து பூசிய இன்றைய ஸ்டென்ட்டை வைப்பதா என்று கேட்டால், ஸ்டென்ட் தோற்றுவிடும் என்று அடித்துச் சொல்ல முடியாது. எல்.ஏ.டி.க்குத் தையல், மற்றவற்றுக்கு ஸ்டென்ட் என்ற திட்டம் இந்தக் கணக்கில் பிறந்ததுதான். கீறல் சிறியதாவது அதன் பின்விளைவு. எல்.ஏ.டி. ஒன்றுக்கு மட்டும் என்றால் மார்பெலும்பை நடுவே அறுக்க வேண்டியதில்லை. நான்காவது அல்லது ஐந்தாவது விலா இடைவெளி வழியே எட்டிவிடலாம்.

கட்டுரையில் ‘புத்தம் புதிய’ என்ற சொல் பலமுறை வருகிறது. 1964 பிப்ரவரியில் லெனின்கிராடில் வசிலி கொலெசோவ் என்ற அறுவை மருத்துவர் இதே லிமாவை, இடது பக்க விலா வழியே, துடிக்கிற இதயத்தில், பம்ப் இல்லாமலேயே தைத்திருக்கிறார். ரெனே ஃபவலோரோ கால் சிரையை வைத்து பைபாஸைப் பரவலாக்கியது 1967-க்குப் பிறகு. 1977 செப்டம்பரில் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் முதன்முதலாக இதயக் குழாய்க்குள் பலூனை விரித்ததும் (ஆஞ்சியோபிளாஸ்டி என்பது இதைத்தான்) எல்.ஏ.டி. அடைப்பில்தான். சிறு கீறல் பைபாஸையும் ஆஞ்சியோபிளாஸ்டியையும் திட்டமிட்டே ஒருவருக்குச் செய்ததாக லான்செட் இதழில் ஆய்வறிக்கை வந்தது 1996-ல். தையலும் பழையது, பலூனும் பழையது. இரண்டு துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்ததுதான் புதிது. பல இடங்களில் இன்னும் உட்காரவில்லை என்பது வேறு கதை.

அரங்கில் நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். மயக்க மருத்துவர் மூச்சுக்குழாய்க்குள் இரட்டைக் குழாய் செலுத்தி இடது நுரையீரலுக்கு மட்டும் காற்றை நிறுத்துவார். அது சுருங்கி ஒதுங்கினால்தான் இடம் கிடைக்கும். லிமாவை விடுவிப்பதுதான் நேரம் பிடிக்கும் வேலை. சிலர் கீறல் வழியே நேராகப் பார்த்து எடுப்பார்கள். சிலர் கேமராக் குழாய் விட்டு எடுப்பார்கள். வசதியுள்ள இடங்களில் ரோபோ கைகள் எடுக்கும். பிறகு இதய உறையைத் திறந்து எல்.ஏ.டி.யைத் தேட வேண்டும். சிலருக்கு அது கொழுப்புக்குள் புதைந்திருக்கும். பெரிய கீறல் என்றால் விரலால் தடவிக் கண்டுபிடிக்கலாம். இங்கே அந்த வசதி குறைவு.

குழாயைக் கண்டதும் அதன் இருபுறமும் பதியும்படி ஒரு சிறு கவட்டைக் கருவியை வைத்து அழுத்துவார்கள். சுற்றிலும் இதயம் துடித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கவட்டைக்கு நடுவே உள்ள கட்டைவிரல் நகம் அளவு இடம் மட்டும் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் குழாயைக் கீறி, ரத்தம் மறைக்காதபடி உதவியாளர் கார்பன் டை ஆக்சைடை ஊத ஊத, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தையல். அந்த நிமிடங்களில் அரங்கில் யாரும் பேசமாட்டார்கள். இன்னொன்று, ஏ.சி.யைக் குறைத்துவிடுவார்கள். பம்ப் ஓடினால் ரத்தத்தை நாங்களே சூடேற்றித் தருவோம். பம்ப் இல்லாதபோது நோயாளி குளிர்ந்துவிடக் கூடாது. குளிர்ந்தால் துடிப்பு தாறுமாறாகும், ரத்தம் உறைவதும் கெடும். ஆகவே நோயாளியைத் தவிர எல்லோரும் வியர்த்துக்கொண்டிருப்போம்.

நான் ஒரு மூலையில் பம்போடு. குழாய்களைப் பூட்டித் தயாராக வைத்திருப்பேன்; திரவம் நிரப்பியிருக்க மாட்டேன். தேவைப்படாவிட்டால் அத்தனையும் வீண் என்பதால் இந்த ஏற்பாடு. தேவைப்பட்டால் சில நிமிடங்களில் நிரப்பிக் காற்றை வெளியேற்றிக் கொடுக்க வேண்டும். தேவைப்படவும் செய்யும். போலந்தில் 200 நோயாளிகளை வைத்து, இந்தக் கலப்பு முறையையும் வழக்கமான பைபாஸையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு 2014-ல் வெளிவந்தது. அதில் கலப்பு முறைக்குப் பிரிக்கப்பட்டவர்களில் சுமார் 6 சதவீதம் பேருக்கு வழக்கமான பைபாஸுக்கே மாற வேண்டியிருந்தது. ‘சிறு கீறல்’ என்று சொல்லி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குபவர்கள் இதையும் சொல்ல வேண்டும். மயக்கம் தெளிந்து மார்பு நடுவே நீளத் தையலைப் பார்த்தால் யாருக்கும் பகீர் என்றுதான் இருக்கும்.

‘வலியில்லாத’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதை மட்டும் தயவுசெய்து திருத்துங்கள். மார்பெலும்பை அறுத்தால், சேர்ந்து பலம் பெற வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பளு தூக்கக் கூடாது, கையை ஊன்றி எழக் கூடாது, ஒருக்களித்துப் படுப்பதே பாடு. சிறு கீறலில் இந்தக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் இல்லை. வேலைக்கும் சீக்கிரம் திரும்பலாம். சர்க்கரையும் உடல் பருமனும் சேர்ந்தவர்களுக்கு மார்பெலும்புப் புண் சீழ்வைத்துவிடுமோ என்ற பெரிய பயமும் இல்லை. ஆனால் விலா எலும்புகளை விரித்துப் பிடிப்பதால் நடுவே ஓடும் நரம்பு நசுங்கும். முதல் சில நாள் இருமினால் உயிர் போய் வரும். நரம்பைச் சுற்றி மரப்பு மருந்து செலுத்தி அதைத் தணிக்கலாம். முன்கூட்டியே சொல்லி வைத்தால் நோயாளி தாங்கிக்கொள்வார். ‘வலியே இருக்காது’ என்று நம்பி வந்தவர் ஏதோ தவறிவிட்டது என்று பதறுவார்.

பெரிதாகச் சொல்லியிருக்க வேண்டிய ஒரு நன்மையைக் கட்டுரை விட்டுவிட்டது. வழக்கமான பைபாஸில் சிரைகளின் மறுமுனையை, இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனியில் தைக்க வேண்டும். அதற்கு மகாதமனியில் கவ்வி போடும்போது உட்சுவரில் இருக்கும் சுண்ணாம்புத் துணுக்கு உதிர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். சர்க்கரை நோயாளிகள் 1,900 பேரை வைத்து 2012-ல் வெளிவந்த ஃப்ரீடம் ஆய்வில், 5 ஆண்டு இறப்பு ஸ்டென்ட் பிரிவில் 16.3 சதவீதம், பைபாஸ் பிரிவில் 10.9 சதவீதம், உயிரைக் காப்பதில் பைபாஸுக்கே வெற்றி. ஆனால் பக்கவாதம் பைபாஸ் பிரிவில் 5.2 சதவீதம், ஸ்டென்ட் பிரிவில் 2.4 சதவீதம். லிமாவை மட்டும் தைக்கும்போது மகாதமனியைத் தொடவே வேண்டாம். மகாதமனி சுண்ணாம்பு படிந்து ஓடு மாதிரி ஆகிவிட்ட முதியவர்களுக்கு இந்த முறை வரப்பிரசாதம் என்று நான் நினைப்பது இதனால்தான். வெரிகோஸ் நோயால் காலில் தேறாத சிரை உள்ளவர்களுக்கும் அப்படியே.

இனி வரிசை. முதலில் தையலா, ஸ்டென்ட்டா? பெரும்பாலும் தையல் முதலில், சில நாளோ சில வாரமோ கழித்து ஸ்டென்ட். ஸ்டென்ட் வைக்கும்போது எடுக்கும் ஆஞ்சியோவிலேயே லிமா தையல் ஒழுங்காக ஓடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். ஸ்டென்ட்டுக்குப் பிறகு ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரல் போன்ற இரண்டாவது மாத்திரையை மாதக்கணக்கில் போட வேண்டும். அதை அறுவைக்குப் பின்பு தொடங்கினால் ரத்தக்கசிவு பயம் குறைவு. ஆனால் மாரடைப்போடு வந்து, அந்த நேரத்தில் அடைத்தது வலப்பக்கக் குழாய்தான் என்றால், அதற்கு உடனே ஸ்டென்ட் வைத்தே ஆக வேண்டும், எல்.ஏ.டி. தையல் பிறகு. அப்போது மாத்திரையின் வீரியத்தோடேயே அறுவை செய்ய வேண்டியிருக்கும்.

மூன்றாவது வழி, ஒரே அரங்கில் ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடிப்பது. கேட்க அழகாக இருக்கும். நான் பார்த்த ஒன்றில் தையல் முடிந்ததும் அறுவை மருத்துவர் “புரோட்டமின் கொடுத்துடுங்க” என்றார். அறுவையின்போது ரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் ஹெபாரினின் வேலையை முறிக்கும் மருந்து அது. கொடுத்தால்தான் கசிவு நிற்கும். கையில் ஸ்டென்ட்டோடு நின்ற இதய மருத்துவர் “பொறுங்க சார், பொறுங்க, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை” என்றார். அவருக்கு ரத்தம் உறையக் கூடாது. உறைந்தால் புது ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். அறுவை மருத்துவருக்கோ உறைந்தாக வேண்டும். நடுவே மயக்க மருத்துவர் ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முறிப்பு மருந்தை எப்போது, எவ்வளவு என்று இருவரும் முதல் நாளே பேசியிருக்க வேண்டும். பேசும் இடங்களில் இந்த முறை நன்றாக நடக்கிறது. பேசாத இடங்களில் இதைத் தொடாமல் இருப்பதே மேல்.

பேசாததன் இன்னொரு பலன், பாதியில் நின்றுபோகும் சிகிச்சை. ஒருவருக்கு லிமா தையல் பிரமாதமாக அமைந்தது. நெஞ்சுவலி போய்விட்டது, நடைப்பயிற்சி, வேலை என்று பழைய ஆளாகிவிட்டார். வலப்பக்கக் குழாய்க்கு ஸ்டென்ட் பாக்கி. அறுவைத் துறை ‘இதயத் துறை கூப்பிடும்’ என்று இருந்தது. இதயத் துறை ‘அறுவைப் புண் ஆறியதும் அவர்களே அனுப்புவார்கள்’ என்று இருந்தது. அவருக்கோ வலி இல்லை, அப்புறம் ஏன் போக வேண்டும்? கடைசியில் ஒரு நள்ளிரவில் அவசரப் பிரிவு வழியாகத்தான் வந்து சேர்ந்தார், அந்த வலப்பக்கக் குழாய் முழுசாக அடைத்துக்கொண்டு. பிழைத்துவிட்டார்; இதயத்தின் கீழ்ச்சுவரில் ஒரு பகுதி பிழைக்கவில்லை. யார் பெயரையும் இடத்தையும் சொல்ல விரும்பவில்லை. முதல் பாகம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போதே இரண்டாம் பாகத்தின் தேதியும் பொறுப்பு மருத்துவரின் பெயரும் டிஸ்சார்ஜ் தாளில் இருந்தால் இது நடந்திருக்காது.

எல்லோருக்கும் ஒத்துவருமா என்றால், வராது. எல்.ஏ.டி. தசைக்குள் ஆழப் புதைந்திருந்தாலும், நீளம் முழுக்க நோய் பிடித்து நூலாகிவிட்டிருந்தாலும் இது கடினம். ஒற்றை நுரையீரலில் மூச்சைத் தாங்க முடியாத அளவுக்கு நுரையீரல் நோய் உள்ளவர்கள், இடது மார்பில் முன்பே அறுவையோ கதிர்வீச்சோ ஆனவர்கள், ரத்தக்கசிவு நோயால் இரட்டை மாத்திரை எடுக்க முடியாதவர்கள் என்று பட்டியல் நீளும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ஆஞ்சியோவில் செலுத்தும் சாய மருந்தின் அளவைப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். மற்றக் குழாய்களின் அடைப்பு ஸ்டென்ட்டுக்கு இசையாத கல்லாக இருந்தால் இந்தத் திட்டமே அடிபட்டுப்போகிறது. மூன்று குழாயிலும் சிக்கலான அடைப்பு உள்ள, உடல் தாங்கக்கூடிய ஒருவருக்கு மார்பெலும்பைத் திறந்து செய்யும் முழு பைபாஸே இன்றும் உறுதியான வழி. தழும்புக்குப் பயந்து அதைத் தவிர்ப்பதைப் போன்ற நஷ்டம் வேறில்லை.

ஆதாரம் எப்படி? நான் முன்பு சொன்ன போலந்து ஆய்வின் 5 ஆண்டு முடிவில், இரு பிரிவுக்கும் இறப்பில் புள்ளியியல்படி வேறுபாடு இல்லை. நல்ல செய்திதான், ஆனால் 200 பேர் என்பது சிறிய கூட்டம். அமெரிக்காவில் 2,000 பேருக்கு மேல் சேர்க்கத் திட்டமிட்ட ஆய்வு ஒன்று போதிய ஆள் சேராமல் பாதியில் நிறுத்தப்பட்டது. ரத்தம் ஏற்றும் தேவை குறைவு, மருத்துவமனையில் இருக்கும் நாள் குறைவு என்பவை பல இடங்களிலும் காணப்பட்டவை. நீண்டகால ஆயுள் பற்றிய கடைசி வார்த்தை இன்னும் எழுதப்படவில்லை. அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டுதல்களும் ‘தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு, அனுபவமுள்ள இடங்களில்’ என்ற அளவில்தான் இதை ஏற்கின்றன. தங்கள் கட்டுரையின் ‘இனி பைபாஸுக்கு விடை’ என்ற துணைத்தலைப்பு எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை.

இதை ஒட்டி இன்னொரு கட்டுரை வெளியிடும் எண்ணம் இருந்தால் ஒரே மருத்துவரிடம் பேட்டி எடுக்காதீர்கள். ஸ்டென்ட் வைப்பவரையும் தையல் போடுபவரையும் சேர்த்து உட்காரவைத்து, ஒரே ஆஞ்சியோ படத்தை இருவர் முன்னும் வைத்து, “இவருக்கு என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். அவர்கள் எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே வாதாடுகிறார்கள் என்பதை அப்படியே அச்சிடுங்கள். நோயாளிகளும் அதே கேள்வியைத் தங்கள் மருத்துவமனையில் கேட்கலாம்: என் படத்தை இரண்டு துறையும் சேர்ந்து பார்த்தீர்களா, இதை வருடத்தில் எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள், லிமா ஓடுகிறது என்பதை எப்படி உறுதி செய்வீர்கள், பாதியில் மாற வேண்டி வந்தால் என்ன ஏற்பாடு. இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் இடத்தில் நம்பிப் படுக்கலாம்.

மற்றொன்று, சின்னத் திருத்தம். கட்டுரைக்கு மேலே போட்டிருக்கும் வண்ணப்படத்தில் குழாய்களும் உருளைகளுமாகப் பளபளப்பாக நிற்பது எங்கள் இதய–நுரையீரல் இயந்திரம். அதுவும் ரத்தம் சிவக்கச் சிவக்க ஓடிக்கொண்டிருக்கிற இயந்திரம். பம்ப் இல்லாமல் செய்யும் அறுவைக்கு அந்தப் படம் பொருந்தாது. அடுத்த முறை மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பெர்ஃபியூஷனிஸ்ட், தங்கள் நெடுநாள் வாசகன்